புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்தில் 1960-களில் பிறந்த அம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடுகிறேன்

1. அயலூர்ப்பறவை எழுதியது:

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். அப்பா காலமான பிறகு அம்மா ஊரில் தனியாக இருப்பதால், அவரை என்னோடு அழைத்துக்கொள்ளக் கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். முதல் கட்டத்துக்கு என்னுடைய பிறப்புச் சான்றிதழே போதுமானதாக இருந்தது. அதில் தாயின் பெயர் சரியாக இருந்ததால் சிக்கல் எழவில்லை. அடுத்த கட்டத்தில் அம்மாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அப்படி ஒன்றை வாங்கியதாகவே வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

பள்ளிச் சான்றிதழில் 5.6.1961 என்று இருக்கிறது. அதைப் பார்த்தே ஆதாரும் பாஸ்போர்ட்டும் எடுத்தோம். தாத்தாவின் ஊர் விராலிமலைக்கு அருகில் இருக்கிறது. அந்த ஊருக்குரிய பதிவேடுகளில் 1961-ஆம் ஆண்டு முழுவதையும் தேடித் தருமாறு அண்ணன் எழுதிக் கொடுத்தார். பதிவு இல்லை என்று பதில் வந்தது. பெட்டியில் ஒரு பழைய ஜாதகக் குறிப்பு கிடைத்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு, 'பிலவங்க வருடம் என்று போட்டிருக்கிறது, அது 1967, ஆகவே இது உன் சித்தியுடையது' என்று சொல்லிவிட்டார்.

இந்த நிலையில், காலதாமதப் பதிவு செய்து பதினைந்து நாளில் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

2. நாடோடி74 எழுதியது:

தாராளமாகச் செய்யலாம். என் தந்தைக்கு 2024-இல் அப்படித்தான் வாங்கினோம். பதிவு இல்லை என்ற சான்று, பள்ளிச் சான்றிதழ், ஆதார், உறவினர் இருவரின் உறுதிமொழி ஆகியவற்றை இணைத்துக் கோட்டாட்சியருக்கு விண்ணப்பித்தோம். முன்பு இதற்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் போக வேண்டும் என்று சட்டம் சொன்னது; 2023-இல் கொண்டுவந்த திருத்தம் அந்த அதிகாரத்தை ஆட்சியர், கோட்டாட்சியர் நிலைக்கு மாற்றிவிட்டது. முகவர் கூடத் தேவையில்லை, உங்கள் அண்ணனே செய்யலாம்.

3. பழைய_அடங்கல் எழுதியது:

சகோதரி, கொஞ்சம் பொறுங்கள். நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பதிவு இல்லை என்று வரும் பதில்களில் பெரும்பாலானவை, தவறான ஊரில் தேடியதால் வந்தவை என்பதை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன்.

பிறப்பைப் பதிவு செய்வது, பிறப்பு நிகழ்ந்த இடத்துப் பதிவேட்டில்தான். தகப்பனார் எந்த ஊர்க்காரர், குடும்ப அட்டை எங்கே இருந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. உங்கள் அம்மா தலைச்சன் பிள்ளையா? ஆம் என்றால், வளைகாப்பு முடிந்து உங்கள் அம்மாச்சியை அவருடைய பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். பிரசவமும் அங்கேதான் நடந்திருக்கும். தாத்தாவின் ஊர்ப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் அந்தப் பதிவு கிடைக்காது. ஆகவே முதலில் அம்மாச்சியின் பிறந்த ஊர் எது என்று கேளுங்கள்.

அந்த ஊர் தெரிந்த பிறகு அது எந்த வருவாய்க் கிராமத்தில் அடங்கும் என்று பார்க்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பட்டி, குடிக்காடு, களம் என்று ஐந்தாறு குக்கிராமங்கள் இருக்கும். வீட்டில் சொல்லும் பெயர் குக்கிராமத்தின் பெயராக இருக்கும். பதிவேட்டின் அட்டையில் வருவாய்க் கிராமத்தின் பெயர் இருக்கும். தாலுகாவும் மாறியிருக்கும். சமஸ்தான காலத்தில் குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்று மூன்றே தாலுகாக்கள்தாம் இருந்தன. 1974-இல் தனி மாவட்டம் ஆனபோது தஞ்சாவூரிலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. அதன் பின்னர் இலுப்பூர், விராலிமலை என்று பலவாகப் பிரிந்துவிட்டன. போதாக்குறைக்கு, குளத்தூர் தாலுகாவின் அலுவலகம் குளத்தூரில் இல்லை, கீரனூரில் இருக்கிறது. இது தெரியாமல் குளத்தூருக்குப் பேருந்து ஏறிப் போய்த் திரும்பியவர்கள் உண்டு.

1962 வாக்கில் பதிவேட்டை எழுதியவர் கிராம முன்சீப். எங்களைப் போன்ற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தது 1980-இல் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்த பிறகுதான். குழந்தை பிறந்த செய்தியைத் தலையாரி வந்து சொல்ல, முன்சீப் பதிவேட்டில் ஏற்றுவார். வரிசை முழுவதும் தேதிப்படி இருக்கும்; பெயர்ப்படி அகரவரிசை கிடையாது. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பதிவாகிவிடுவதால் பெயர்க் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். எனவே பெயரைச் சொல்லித் தேடச் சொல்லாதீர்கள். தாய், தகப்பனார் பெயர், ஊர், உத்தேசத் தேதி ஆகிய நான்கையும் எழுதிக் கொடுத்து, முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்துத் தேடக் கேளுங்கள். 2018 முதல் பிறந்தவர்களுக்கு இணையதளத்திலேயே சான்றிதழை எடுக்கலாம். உங்கள் அம்மாவின் காலத்துக்குக் கட்டுப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கிராமப் பதிவேடுகள் ஆண்டு முடிந்து தாலுகா அலுவலகம் போகும். மிகப் பழையவை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். பத்திரப் பதிவு நடக்கும் இடத்தில் பிறப்புப் பதிவா என்று பலர் வியப்பார்கள், ஆனால் அதுதான் இடம்.

4. ஏட்டுச்சுவடி எழுதியது:

பழைய_அடங்கல் ஐயா சொன்னதில் உத்தேசத் தேதிதான் உயிர்நாடி. பள்ளித் தேதியை நம்பித் தேடுவதில் பயனில்லை. அந்தக் காலத்தில் குழந்தையின் கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்து, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்டார்கள். சேர்க்கைக்குப் பொருந்துகிற மாதிரி தலைமை ஆசிரியரே ஒரு தேதியை எழுதிவிடுவார். நம் ஊர்களில் அந்தத் தலைமுறையில் இத்தனை பேர் மே, ஜூன் மாதங்களில் 'பிறந்தது' அதனால்தான். 5.6.1961 என்பது எனக்கு அந்த வகைத் தேதியாகவே படுகிறது.

அந்த ஜாதகக் குறிப்பில் உள்ள முதல் இரண்டு வரிகளைப் பார்த்தபடியே, எழுத்து மாறாமல் இங்கே இட முடியுமா?

5. அயலூர்ப்பறவை எழுதியது:

அம்மா தலைச்சன் பிள்ளைதான். அம்மாச்சியின் பிறந்த ஊர் ஆலங்குடிப் பக்கம். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அண்ணன் அனுப்பிய படத்தில் முதல் வரி இப்படி இருக்கிறது: 'பிலவ ௵ மாசி ௴ 16 ௳ செவ்வாய்க்கிழமை ராத்திரி உதயாதி நாழிகை 52'. கீழே ராசிக் கட்டம் பாதி கிழிந்திருக்கிறது, பெயர் இல்லை.

6. ஏட்டுச்சுவடி எழுதியது:

இது சித்தியின் ஜாதகம் அன்று. மாமா அந்த ௵ குறியை எழுத்தாக நினைத்துச் சேர்த்துப் படித்துவிட்டார். அது 'வருடம்' என்பதற்கான சுருக்கக் குறி. ௴ மாதம், ௳ நாள். ஆகவே ஆண்டு பிலவங்க அன்று, பிலவ. அறுபது ஆண்டுச் சுற்றில் பிலவ 35-ஆவது, பிலவங்க 41-ஆவது. ஒன்று 1961 சித்திரையில் தொடங்கியது, மற்றது 1967 சித்திரையில். ஓர் எழுத்துக் குழப்பத்தில் ஆறு ஆண்டுகள் போய்விட்டன. (இதே போல 1962-இன் சுபகிருதையும் 1963-இன் சோபகிருதையும் மாற்றிப் படிப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.)

பிலவ வருடத்து மாசி என்றால் 1962 பிப்ரவரி, மார்ச். மாசி 16 அந்த ஆண்டு பிப்ரவரி 27, செவ்வாய்க்கிழமையில் வருகிறது, கிழமையும் பொருந்துகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பஞ்சாங்கத்தில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. உதயாதி 52 நாழிகை என்றால் உதயத்திலிருந்து இருபது மணி நேரமும் 48 நிமிடமும். காலை ஆறரைக்கு உதயம் என்று கொண்டால் பின்னிரவு மூன்றேகால். ஜோதிடருக்கு அது செவ்வாய் இரவு. முன்சீப்பின் பதிவேட்டில் அது புதன்கிழமை, 28.2.1962. அண்ணனை 28-ஆம் தேதியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. அந்தப் பிப்ரவரி மாதத் தொடக்கத்தில்தான் அஷ்டகிரகச் சேர்க்கை வந்தது. எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடுகின்றன, உலகம் அழியப் போகிறது என்று நாடே நடுங்கியது. அதே மாதம் பொதுத் தேர்தலும் நடந்தது. உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால், தேதியைக் கேட்காமல் இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

7. கச்சேரித்தெரு எழுதியது:

நான் வழக்குரைஞர். முகவர் விஷயத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் தகவல் தர வேண்டும். 30 நாள்கள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை எழுத்துபூர்வ அனுமதி, அதற்கு மேல் 13(3)-ஆம் பிரிவின்படி ஆணை. நாடோடி74 சொன்ன வழி அந்த ஆணை வழி. அது சட்டப்படி இருப்பதுதான். ஆனால், அது பிறப்பு எங்குமே பதிவாகவில்லை என்பவர்களுக்கானது. ஓர் ஊரின் ஓர் ஆண்டை மட்டும் தேடி வாங்கிய இல்லைச் சான்றை வைத்துக்கொண்டு, பதிவே ஆகவில்லை என்று உறுதிமொழி கொடுப்பது ஆபத்து. நாளை அசல் பதிவு வெளிப்பட்டால் ஒரே பிறப்புக்கு இரண்டு பதிவுகள், இரண்டு தேதிகள், ஒரு பொய்ச் சத்தியம்.

அமெரிக்கத் தரப்பின் பார்வையும் இதில் முக்கியம். அறுபது ஆண்டுகள் கழித்துச் சென்ற மாதம் எழுதிய பதிவை அவர்கள் ஐயத்தோடுதான் பார்ப்பார்கள், ஏனெனில் அது பிறந்த காலத்துச் சாட்சி அன்று. அதைவிட, முறையாகத் தேடி வாங்கிய பதிவு இல்லைச் சான்றுடன் (அதற்குப் படிவம் 10 என்று பெயர்) பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலும், பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர்கள் இருவரின் உறுதிமொழிகளும் சேர்ந்தால் அவற்றுக்கு எடை அதிகம். அசல் பதிவே கிடைத்தால் இவை எதுவும் முதன்மையாகத் தேவைப்படாது. சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பதிவேட்டில் தேடச் செய்து நகல் பெறும் உரிமையை யாருக்கும் தருகிறது. அதற்கு முகவர் எதற்கு?

தொடர்பான ஒரு குறிப்பு: பாஸ்போர்ட்டுக்கே பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று கேள்விப்பட்டு வயதானவர்கள் பலர் அலைகிறார்கள். அந்தக் கட்டாயம் 1.10.2023 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மட்டுமே.

8. பினாங்குப்பேரன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் தாத்தா 1915 வாக்கில் திருமயம் பகுதியில் பிறந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். அவருக்கும் இதே வழியில் தேட முடியுமா?

9. பழைய_அடங்கல் எழுதியது:

உங்கள் தாத்தா பிறந்தபோது திருமயம் தொண்டைமான் சமஸ்தானத்தில் இருந்தது. 1948-இல்தான் மதராஸ் மாகாணத்தோடு இணைந்தது. 1899-ஆம் ஆண்டின் மதராஸ் சட்டத்தை வைத்து எழுதிய வழிகாட்டிகள் உங்களுக்குப் பொருந்தா. அவ்வளவு பழைய கிராமப் பதிவேட்டை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேடு முதலில் பார்க்க வேண்டியது. ஆவூர் போன்ற பங்குகள் பழைய மதுரை மிஷன் காலத்திலிருந்தே உள்ளவை. இல்லையென்றால் நிலப் பத்திரங்களைத் தேடுங்கள். பிறந்த தேதி கிடைக்காது. ஆனால் 'இன்னாரின் குமாரர்' என்று தகப்பனார் பெயரும் ஊரும் கிடைக்கும். தனி இழை தொடங்கினால் விரிவாக எழுதுகிறேன்.

10. அயலூர்ப்பறவை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், அண்ணன் திருச்சியிலிருந்து விடுப்பு எடுத்துப் போக வேண்டியிருந்தது.

முதலில் சின்ன அம்மாச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன். தேதியைக் கேட்டால் சிரித்தார். 'எட்டுக் கிரகம் கூடினபோது அம்மா பிறந்தாச்சா?' என்று கேட்டதும், 'அக்கா அப்போ நிறைமாசம். கிரகம் விலகுற வரைக்கும் வெளியே விடாம வச்சிருந்தோம். ஓட்டுப் போட்டு முடிஞ்சு ஒரு வாரத்துல பிள்ளை பொறந்துச்சு' என்றார். நான் கேட்காமலேயே தேர்தலைச் சொல்லிவிட்டார்.

அண்ணன் ஆலங்குடிப் பக்கத்து ஊரின் வருவாய்க் கிராமப் பெயரைக் கண்டுபிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் 1962 பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குத் தேட எழுதிக் கொடுத்தார். பதிவு கிடைத்துவிட்டது. பிறந்த தேதி 28.2.1962, பதிவான தேதி 6.3.1962. ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் 'பெண்'. தாத்தா பெயரும் அம்மாச்சி பெயரும் சரியாக உள்ளன; இருப்பிடமாகத் தாத்தாவின் ஊரைக் குறித்திருக்கிறார்கள், வீடு என்ற இடத்தில் அம்மாச்சியின் தகப்பனார் பெயர் இருக்கிறது. தகவல் சொன்னவர் தலையாரி. அவருடைய கைநாட்டு பக்கத்து வரி வரைக்கும் அப்பியிருக்கிறது. பழைய_அடங்கல் ஐயா சொன்னது போலவே பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

மகிழ்ச்சியோடு இரண்டு கவலைகளும் வந்துவிட்டன. பாஸ்போர்ட்டில் 5.6.1961 இருக்கும்போது இந்தத் தேதியை எப்படிக் காட்டுவது? பெயரே இல்லாத சான்றிதழை ஏற்றுக்கொள்வார்களா?

11. நாடோடி74 எழுதியது:

நடைமுறையாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தாத்தாவின் ஊரில் 1961-க்குப் பதிவு இல்லை என்று ஏற்கெனவே எழுத்தில் வந்திருக்கிறது, அது உண்மையும்தான். அதை அனுப்பினால் பாஸ்போர்ட் தேதியோடு மோதல் இல்லை. எதற்கு ஆறின சோற்றைக் கிளற வேண்டும்?

12. கச்சேரித்தெரு எழுதியது:

அந்தச் சான்றில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை; ஆனால் பிறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்று சொல்வதற்காக அதை இணைத்தால், இணைக்கும் செயல் பொய். அசல் பதிவு உங்கள் கையில் இருக்கும்போது அதை மறைத்து இல்லைச் சான்றைக் கொடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். குடியேற்ற விண்ணப்பத்தில் தேதி மாறுபாட்டை விளக்கிவிடலாம். மறைத்தது தெரிந்தால் விளக்க இடமே கிடைக்காது.

தேதிக்கு இரண்டு வழிகள். பிறப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைத் திருத்தக் கோரலாம். நேரம் எடுக்கும், ஆதாரையும் உடன் திருத்த வேண்டியிருக்கும். அல்லது பாஸ்போர்ட் தேதியை அப்படியே வைத்துக்கொண்டு, பிறப்புப் பதிவின் நகல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல், பள்ளியில் தேதி எப்படி மாறியது என்று அம்மா தரும் உறுதிமொழி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். எது உங்கள் கோப்புக்கு ஏற்றது என்பதை அங்குள்ள குடியேற்ற வழக்குரைஞரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், அடுத்தடுத்த படிவங்களிலும் இந்த மாறுபாடு தொடர்ந்து வரும் என்பதால் முதல் வழியையே தேர்ந்தெடுப்பேன்.

பெயரைப் பொறுத்தவரை, 14-ஆம் பிரிவின்படி பதிவில் பெயர் சேர்ப்பதற்குப் பிறந்ததிலிருந்து 15 ஆண்டுகள்தாம் வரம்பு. பழைய பதிவுகளுக்காகத் தமிழ்நாட்டில் 2024 டிசம்பர் 31 வரை சிறப்பு அவகாசம் கொடுத்தார்கள்; விண்ணப்பிக்கும் நாளில் புதிய நீட்டிப்பு நடப்பில் இருந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பெற்றோருக்கு அந்தத் தேதியில் பிறந்த பெண் குழந்தை இவர்தான் என்று சின்ன அம்மாச்சி உறுதிமொழி கொடுக்கட்டும். அவர் அந்த வீட்டிலேயே இருந்தவர். அஷ்டகிரகத்தையும் தேர்தலையும் அவர் சொன்னபடியே அதில் எழுதுங்கள். உறுதிமொழிகளில் வழக்கமாக வரும் அச்சடித்த வாசகங்களைவிட இப்படிப்பட்ட ஒரு வரிக்கு மதிப்பு உண்டு.

13. நாடோடி74 எழுதியது:

சரி, ஏற்றுக்கொள்கிறேன். என் தந்தைக்கும் அவருடைய அம்மா ஊரில் தேடவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

14. அயலூர்ப்பறவை எழுதியது:

பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மாவுக்கு எட்டு மாதத்துக்கு மேல் வயது குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஓய்வூதியம் ஏதும் இல்லாததால் இழப்பும் இல்லை. சின்ன அம்மாச்சியின் உறுதிமொழியை அடுத்த வாரம் எழுதுகிறோம்.

கடைசியாக ஒரு கேள்வி. பதிவின் நகல் முழுவதும் தமிழில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பை நானே செய்யலாமா? பெயர்க் கட்டத்தில் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டால் படிப்பவர்களுக்குக் குழப்பம் இருக்காது என்று அண்ணன் சொல்கிறார்.

15. கச்சேரித்தெரு எழுதியது:

இரண்டு மொழிகளும் நன்றாகத் தெரிந்த எவரும் மொழிபெயர்த்து, தமக்கு அந்தத் தகுதி உண்டு, மொழிபெயர்ப்பு முழுமையும் சரியுமானது என்று கையொப்பமிட்டுத் தரலாம். நீங்கள் மனுதாரர் என்பதால் வேறொருவரைக் கொண்டு செய்வது நல்லது. பெயர்க் கட்டத்தில் எதையும் நிரப்ப வேண்டாம். முன்சீப் கோடு போட்டிருந்தால் ஆங்கிலத்திலும் கோடே இருக்கட்டும்; தலையாரியின் கைநாட்டு இருக்கும் இடத்தில் கைநாட்டு என்று எழுதச் சொல்லுங்கள்.